பழைய ஃபைபரும் புதுப் பெட்டியும்: வளாக இணைப்பில் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை



மண்டியில் சரக்கு எடுக்கும்போது நாம் மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. குத்தூசி போட்டு, உள்ளே இருக்கும் பருப்பைக் கையில் கொட்டிப் பார்த்த பிறகே மேற்கொண்டு பேசுகிறோம். ஆனால் கம்ப்யூட்டர் சாமான் வாங்கும்போது மட்டும் இந்தப் பழக்கத்தை மறந்து விடுகிறோம். "புதுசு, வேகமானது, நல்ல கம்பெனி" என்ற மூன்று வார்த்தைக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறோம். அப்படிக் கொடுத்துவிட்டு, 2023ஆம் ஆண்டு தீபாவளி சீசனில் ஒன்றரை நாள் நாங்கள் பட்ட பாட்டையும், அதிலிருந்து தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறோம். கடையும் கிடங்கும் தனித்தனிக் கட்டடங்களில் வைத்திருக்கும் அன்பர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறோம்.

எங்கள் வளாகத்தில் முன்பக்கம் கடையும் அலுவலகமும், பின்பக்கம் கிடங்கும் எடைமேடையும் உள்ளன. ஆரம்பத்தில் இரண்டுக்கும் நடுவே சாதாரணச் செம்புக் கம்பி கேபிளைத்தான் இழுத்திருந்தோம். ஒரு கோடை மழையில் இடி இறங்கி, இரு பக்கத்துப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் கருகின. செம்பு மின்சாரத்தைக் கடத்தும். ஒரு கட்டடத்தில் இறங்கிய இடியை அடுத்த கட்டடத்துக்கும் அதுவே கொண்டுபோய்ச் சேர்க்கும். அதோடு இந்த வகைச் செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. ஆகவே 2004ஆம் ஆண்டில் கண்ணாடி இழைக் கேபிள், அதாவது ஃபைபர், போட்டோம். ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடிக்கு மின்சாரம் தெரியாது. இரு முனையிலும் நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள கன்வெர்ட்டர் பெட்டி ஒவ்வொன்று. பத்தொன்பது வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

2023இல் மூன்றாவது கிடங்கு கட்டினோம். அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் ஜி.எஸ்.டி. மின்-விலைப்பட்டியல் கட்டாயமாயிற்று. கிடங்கில் ஏற்றும் சரக்கின் கணக்கு அந்த நிமிடமே அலுவலகத்துக்கு வரவேண்டிய நிலை. சரி, எல்லாவற்றையும் புதிதாக்கி விடுவோம் என்று 10 கிகாபிட் வேகமுள்ள புது ஸ்விட்ச் பெட்டிகளையும், அவற்றில் செருகும் ஒளி மாட்யூல்களையும் வாங்கினோம். விற்றவரிடம், "பழைய கேபிளிலேயே ஓடுமா?" என்று கேட்டோம். "ஃபைபர்தானே, போட்டால் ஓடும்" என்றார். நாங்களும் நம்பினோம்.

பழைய கன்வெர்ட்டர்களைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தியதும் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அணைந்தது. மறுபடி எரிந்தது. பில் பாதி போய் நிற்கும். எடைமேடைக் கணக்கு வராது. வாசலில் லாரிகள் வரிசை கட்டிவிட்டன. வேறு வழியில்லாமல், கிடங்கிலிருந்து மூட்டைக் கணக்கைத் தொலைபேசியில் சொல்லச் சொல்லி, அலுவலகத்தில் சிட்டையில் எழுதிப் பில் போட்டோம். அந்த அவசரத்தில் "எழுபது" என்றது "எண்பது" என்று காதில் விழுந்துவிட்டது. இருபது வருடமாக நம்மிடம் கொள்முதல் செய்யும் ஒரு சில்லறைக் கடைக்காரர் மாலையில் கூப்பிட்டார். "அண்ணாச்சி, பில்லில் எண்பது மூட்டை துவரம் பருப்பு இருக்கிறது, இறங்கியது எழுபதுதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகம் உறைத்தது. கணக்கைச் சரிசெய்து கொடுத்தோம் என்றாலும், ஒரு மொத்த வியாபாரிக்குப் பருப்பை விடப் பெரிய முதல் அவருடைய அளவின் மேல் மற்றவர் வைத்திருக்கும் நம்பிக்கை அல்லவா?

மறுநாள், தொலைபேசித் துறையில் கேபிள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். அவர் புதுப் பெட்டியைத் தொடவே இல்லை. கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்குப் போய், டார்ச் அடித்து, உறையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்தார். "62.5/125" என்றிருந்தது. பிறகு மூன்று கேள்வி கேட்டார். இழை எது? அதில் விடும் ஒளி எது? தூரம் எவ்வளவு? இந்த மூன்றும் தெரிந்தால் எந்தப் பழையதோடு எந்தப் புதியது சேரும் என்று சொல்லிவிடலாம் என்றார். அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, இழை

ஃபைபர் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு சாதி உண்டு. இரண்டிலும் கண்ணாடியின் மொத்தக் கனம் 125 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வித்தியாசம் நடுவில் ஒளி போகும் பாதையில் இருக்கிறது. மல்ட்டிமோட் என்ற வகையில் அந்தப் பாதை அகலமானது, பழையதில் 62.5 மைக்ரான், பின்னால் வந்ததில் 50 மைக்ரான். சிங்கிள்மோட் என்ற வகையில் அது ஏறக்குறைய 9 மைக்ரான் மட்டுமே. 62.5 வகையை ஓ.எம்.1 என்றும், 50 மைக்ரானில் தரம் உயர உயர ஓ.எம்.2, ஓ.எம்.3, ஓ.எம்.4 என்றும் குறிக்கிறார்கள்.

கட்டடத்துக்குள் வரும் கேபிளின் நிறத்தைப் பார்த்தும் ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஆரஞ்சு என்றால் பெரும்பாலும் பழைய மல்ட்டிமோட். இளநீலப் பச்சை என்றால் ஓ.எம்.3 அல்லது ஓ.எம்.4, மஞ்சள் என்றால் சிங்கிள்மோட். ஆனால் வெளியே புதைக்கும் கேபிள் எல்லாம் பொதுவாகக் கறுப்பு உறையில் வரும். அங்கே நிறத்தை நம்பாமல் அச்சைத்தான் படிக்க வேண்டும்.

அகலமான பாதை நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். அங்கேதான் சூட்சுமம். சந்தையில் பத்துச் சுமைதூக்கும் ஆட்களை ஒரே சமயத்தில் மூட்டையோடு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரு அகலமாக இருந்தால் ஒருவர் நேரே போவார், ஒருவர் இப்படியும் அப்படியும் ஒதுங்கிப் போவார்; எல்லாரும் ஒன்றாகப் போய்ச் சேர மாட்டார்கள். ஒரு மணிக்கு ஒரு முறை அனுப்பினால் குழப்பமில்லை. நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பினால், முதல் கூட்டத்தில் பிந்தியவரும் இரண்டாம் கூட்டத்தில் முந்தியவரும் கலந்துவிடுவார்கள். எந்த மூட்டை எந்தக் கணக்கு என்று தெரியாது. ஒளியும் அப்படித்தான். 100 மெகாபிட் வேகத்தில் நொடிக்குப் பத்துக் கோடிக்குச் சற்று மேல் துடிப்புகள். பழைய இழை தாராளமாகத் தாங்கும். 10 கிகாபிட் என்றால் நொடிக்கு ஆயிரம் கோடிக்கும் மேல். துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எங்கள் விளக்கு எரிந்து எரிந்து அணைந்ததன் காரணம் இதுவே. கேபிள் கெடவில்லை, அதன் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றினோம். சிங்கிள்மோட் இழையில் பாதை குறுகல் என்பதால் ஒளி ஒரே வழியில்தான் போகும். இந்தக் கலப்படம் அதில் இல்லை.

இரண்டாவது, ஒளி

இந்தக் கருவிகள் விடும் ஒளி கண்ணுக்குத் தெரியாதது. மல்ட்டிமோட் மாட்யூல்கள் பெரும்பாலும் 850 நானோமீட்டர் ஒளியையும், 100 மெகாபிட் பழைய கருவிகள் பொதுவாக 1300 நானோமீட்டர் ஒளியையும், சிங்கிள்மோட் மாட்யூல்கள் பொதுவாக 1310 ஒளியையும் விடுகின்றன. இரு முனையிலும் ஒரே ஒளியும் ஒரே வேகமும் இருக்க வேண்டும்.

இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். செம்புக் கேபிளில் 10, 100, 1000 என்று இரு பெட்டிகளும் தங்களுக்குள் பேசி, இருவருக்கும் ஒத்துவரும் வேகத்தைத் தாமே முடிவு செய்துகொள்ளும். ஃபைபரில் அந்தச் சமரசம் கிடையாது. ஒரு பக்கம் 100 மெகாபிட் ஃபைபர் கன்வெர்ட்டரும் மறுபக்கம் 1 கிகாபிட் மாட்யூலும் வைத்தால் வருடம் முழுக்கக் காத்திருந்தாலும் இணையாது.

1 கிகாபிட்டில் இன்னொரு சிறு தொல்லையும் உண்டு. பழைய கருவியில் தானியங்கி ஒப்புதல் என்ற வசதி இல்லாமலோ அணைக்கப்பட்டோ இருக்கலாம். புதியதில் அது இயங்கிக்கொண்டிருக்கும். அப்போது ஒரு பக்கம் விளக்கு எரியும், மறுபக்கம் எரியாது. இரு பக்கமும் ஒரே மாதிரி வைத்துவிட்டால் சரியாகும்.

மூன்றாவது, தூரம்

தூரம் என்பது கண்ணால் பார்க்கும் நேர்தூரம் அல்ல. எங்கள் இரு கட்டடங்களுக்கு நடுவே நேரே நூறு மீட்டர்தான் இருக்கும். மதிலோரம் சுற்றிவரும் கேபிளின் நீளமோ 180 மீட்டர். கேபிள் உறையில் பெரும்பாலும் மீட்டர் எண் வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். ஒரு முனையின் எண்ணிலிருந்து மறுமுனையின் எண்ணைக் கழித்தால் நீளம் கிடைத்துவிடும். துணிக்கடையில் மீட்டர் அளக்கும் வேலைதான்.

சர்வதேச அளவில் வகுக்கப்பட்ட தர நிர்ணயப்படி கணக்கு இதுதான். 100 மெகாபிட் எஃப்.எக்ஸ். முறை (1995) பழைய மல்ட்டிமோட்டில் 2 கிலோமீட்டர் வரை போகும். 1 கிகாபிட் எஸ்.எக்ஸ். முறை (1998) 62.5 இழையில், இழையின் தரத்தைப் பொறுத்து 220 முதல் 275 மீட்டர் வரை. 50 இழையில் 500 முதல் 550 மீட்டர் வரை. 10 கிகாபிட் எஸ்.ஆர். முறை (2002) 62.5 இழையில் அதிகபட்சம் 33 மீட்டர், ஓ.எம்.2இல் 82 மீட்டர், ஓ.எம்.3இல் 300 மீட்டர், ஓ.எம்.4இல் 400 மீட்டர். சிங்கிள்மோட்டில் 1 கிகாபிட் எல்.எக்ஸ். முறைக்கு 5 கிலோமீட்டர், 10 கிகாபிட் எல்.ஆர். முறைக்கு 10 கிலோமீட்டர்.

எங்களுக்கு விற்றது எஸ்.ஆர். மாட்யூல். கேபிள் 62.5. எல்லை 33 மீட்டர், எங்கள் தூரம் 180. பெட்டியின் அட்டையில் இருந்த ஒரு வரியையும் கேபிளின் மேல் இருந்த ஒரு வரியையும் சேர்த்துப் படித்திருந்தால் அந்த ஒன்றரை நாள் மிச்சம்.

எங்கள் சிக்கல் தீர்ந்த விதம்

பெரியவர் முதலில் பழைய கன்வெர்ட்டர்களைத் தூசி தட்டி எடுத்து வரச் சொன்னார். நல்ல வேளை, பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருந்தோம். அவற்றைப் பழைய கேபிளிலேயே மாட்டி, அவற்றின் செம்புப் பக்கத்தைப் புது ஸ்விட்சின் செம்பு போர்ட்டில் இணைத்தார். கண்ணாடியில் பழையதும் பழையதும் பேசின. செம்பில் பழையதும் புதியதும் சமரசம் செய்துகொண்டன. அரை மணி நேரத்தில் பில் ஓடியது.

1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்தபோது, பழைய அணாவும் புதுக் காசும் சில காலம் ஒரே கல்லாவில் கிடந்ததை எங்கள் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா. ஆனால் கால் நயா பைசாவுக்குக் காசு கிடையாது. ஓரணா ஓரணாவாக மாற்றினால் கணக்கு இடிக்கும். நாலணாவாகச் சேர்த்தால் நேராக 25 வரும். பழையதையும் புதியதையும் எந்த இடத்தில் சேர்த்தால் கணக்கு ஒட்டுமோ அந்த இடத்தில் சேர்க்க வேண்டும் என்பது இங்கும் பொருந்துகிறது.

சீசன் முடிந்த பிறகு நிதானமாகக் கணக்குப் போட்டோம். நமக்கு 10 கிகாபிட் வேண்டுமா? பில்லும் எடைக் கணக்கும் மிகச் சிறிய சுமை. காமிரா ஒன்றுக்கு நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தாலும் பதினாறு காமிராவுக்கு 64 மெகாபிட்தான். 1 கிகாபிட் என்பது 1000 மெகாபிட். அதுவே மிகத் தாராளம். எனவே பழைய கேபிளுக்கு 1 கிகாபிட் எஸ்.எக்ஸ். மாட்யூல் போட்டோம், 220 மீட்டர் எல்லைக்குள் நம் 180 அடங்குகிறது. புதுக் கிடங்குக்கு மட்டும் சிங்கிள்மோட் கேபிள் புதைத்தோம். நாளை வேகம் கூட்ட வேண்டுமானால் மண்ணைத் தோண்ட வேண்டாம். இரு முனை மாட்யூலை மாற்றினால் போதும். புதிதாகக் கேபிள் போடுவோர் சிங்கிள்மோட் போடுவதே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

பழைய 62.5 கேபிளை வைத்துக்கொண்டு 10 கிகாபிட்தான் வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. எல்.ஆர்.எம். என்ற மாட்யூல் (2006) அதற்கென்றே வந்தது. 220 மீட்டர் வரை போகும். இரு முனையும் எல்.ஆர்.எம். ஆக இருப்பதோடு, நம் ஸ்விட்ச் அதை ஏற்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். 1 கிகாபிட்டில் 550 மீட்டர் வரை போக வேண்டுமானால் எல்.எக்ஸ். மாட்யூலை, மோட் கண்டிஷனிங் கார்டு என்ற தனி இணைப்புக் கயிற்றோடு பயன்படுத்தலாம்.

இன்னும் சில கண்ணிகள்

முனைகள்: பழைய கேபிளில் திருகி மாட்டும் உருண்டை எஸ்.டி. முனையோ, சதுர எஸ்.சி. முனையோ இருக்கும். புது மாட்யூல் சின்ன எல்.சி. முனை கேட்கும். ஒரு பக்கம் எஸ்.டி., மறுபக்கம் எல்.சி. உள்ள இணைப்புக் கயிறு கடையில் கிடைக்கிறது. ஆனால் கயிற்றின் இழையும் 62.5 ஆகவே இருக்க வேண்டும். பெரிய புனலிலிருந்து சிறிய வாய்ப் புட்டியில் எண்ணெய் ஊற்றினால் வெளியே வழிவது போல, 62.5இலிருந்து 50க்குப் போகும் இடத்தில் ஒளி சிந்தும். சிங்கிள்மோட்டில் பச்சை முனை சாய்வாகத் தீட்டப்பட்டது, நீல முனை நேரானது. இரண்டையும் எதிரெதிரே சேர்க்கக் கூடாது.

மாட்யூல் உருவம்: பழைய பெட்டியில் பெரிய ஜி.பி.ஐ.சி. மாட்யூல், புதியதில் சிறிய எஸ்.எஃப்.பி. மாட்யூல் என்றால் பயம் வேண்டாம், இரண்டும் எஸ்.எக்ஸ். என்றால் சேரும். ஆனால் 10 கிகாபிட் எஸ்.எஃப்.பி. பிளஸ் மாட்யூல், உருவம் ஒன்றாக இருந்தாலும் 1 கிகாபிட் போர்ட்டில் வேலை செய்யாது. 10 கிகாபிட் போர்ட்டில் 1 கிகாபிட் மாட்யூல் பல பெட்டிகளில் ஓடும், எல்லாவற்றிலும் அல்ல.

கம்பெனிப் பூட்டு: சில ஸ்விட்சுகள் தம் கம்பெனி முத்திரை இல்லாத மாட்யூலை ஏற்க மறுக்கும். இரு முனைகளிலும் வெவ்வேறு கம்பெனி இருக்கலாம். ஒளிக்குக் கம்பெனி கிடையாது. மாட்யூலுக்கும் அது செருகப்படும் பெட்டிக்கும்தான் ஒத்துப்போக வேண்டும்.

ஒற்றை இழை மாட்யூல்: ஒரே இழையில் போகவும் வரவும் செய்யும் வகை ஜோடியாகத்தான் வரும். ஒன்று 1310இல் அனுப்பினால் மற்றது 1550இல் அனுப்புவது போல இருக்கும். ஒன்று பழுதானால் அதே ஜாதியை வாங்கி வந்து மாட்டினால் இணையாது; எதிர் ஜோடியைத்தான் வாங்க வேண்டும். இரண்டு இழை உள்ள வகையில் விளக்கு எரியவில்லை என்றால், முதலில் இரு முனைகளை இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

இணையக் கம்பெனி தரும் ஃபைபர்: கடைக்கு இன்டர்நெட் கொண்டுவரும் ஃபைபர் இப்போது பெரும்பாலும் ஜி.பான் என்ற வேறு முறை. அந்த இழையை நேரே நம் ஸ்விட்சில் செருகினால் ஓடாது. அவர்கள் கொடுக்கும் பெட்டியின் செம்பு போர்ட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பராமரிப்பு

நம் கிடங்குகளில் மிளகாய்த் தூளும் மாவுத் தூசியும் காற்றோடு கலந்தே இருக்கும். ஒரு துகள் முனையில் உட்கார்ந்தால் ஒளி மறையும். செருகாத முனைக்கும் காலி போர்ட்டுக்கும் மூடி போட்டே வைக்க வேண்டும். செருகும் முன் அதற்கென்று உள்ள துடைப்பானால் துடைக்க வேண்டும். வாயால் ஊதக் கூடாது. எலி உள்ள இடத்தில் இரும்புக் கவசமுள்ள கேபிள் போடுவது நல்லது. ஆனால் அந்தக் கவசம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அதை முறைப்படி எர்த் செய்ய வேண்டும். ஃபைபர் முனையைக் கண்ணருகே வைத்து எட்டிப் பார்க்கவே கூடாது. ஒளி தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. நம் கேபிளில் அச்சிட்டிருப்பது என்ன, நீளம் எத்தனை மீட்டர் என்று குறித்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.

2. "இந்த மாட்யூல் இந்த இழையில் இத்தனை மீட்டர் போகுமா?" என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும்.

3. மறுமுனையில் இருக்கும் கருவியின் வேகமும் ஒளியும் இதோடு ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

4. நம் ஸ்விட்ச் இந்த மாட்யூலை ஏற்குமா, ஏற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பேசிக்கொள்ள வேண்டும்.

5. புதியது ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை பழையதைக் கழித்துவிடக் கூடாது. சீசன் நேரத்தில் மாற்றவே கூடாது.

இந்த விவரங்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, கேபிள் போகும் வழியையும் படமாக வரைந்து, பேரேட்டோடு வைத்திருக்கிறோம். போட்டவர் ஊரை விட்டுப் போனாலும் நோட்டு இருக்கும்.

கண்ணாடி இழையில் ஒளியைச் செலுத்தும் ஆராய்ச்சியில் 1950களிலேயே பெயர் பெற்றவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. நெடுந்தூரச் செய்தியை இதில் அனுப்பலாம் என்று 1966இல் வழிகாட்டிய சார்லஸ் காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தனை பெரிய அறிவு இன்று நம் பருப்புக் கிடங்கு வரை வந்திருக்கிறது. அதை முழுதும் படித்துத் தேற நமக்கு நேரமில்லாமல் இருக்கலாம். ஆனால் சரக்கைப் பார்த்து வாங்கும் புத்தி நமக்கு உண்டு. இழை, ஒளி, தூரம் என்ற மூன்றையும் பார்த்து வாங்கினால் முதலும் தப்பும், சொல்லும் தப்பும். அந்தச் சில்லறைக் கடைக்காரர் இன்றும் நம்மிடம்தான் கொள்முதல் செய்கிறார். ஆனால் அன்று முதல், பில்லை வாங்கியதும் ஒரு முறை மூட்டையை எண்ணிப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.